நோய்த்தணிப்புப் பராமரிப்பு: யாழ்ப்பாணத்து வீடுகளில் கேட்கும் கேள்விகள்

புற்றுநோய் வார்டில் தாதியாக இருந்து ஓய்வுபெற்றவள் நான். இப்போது மாறாத வருத்தத்தோடு (குணமாகாத நோயோடு) வீட்டில் இருப்பவர்களைப் போய்ப் பார்க்கிறேன். கிளினிக் வாங்கிலும் வீட்டு விறாந்தையிலும் தொலைபேசியிலும் என்னிடம் வருவது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். கேட்டவர்கள் கேட்டபடியே அவற்றை இங்கே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலையும் சேர்த்திருக்கிறேன். மருந்தின் அளவை மட்டும் இதில் தேட வேண்டாம். அது ஆளுக்கு ஆள் மாறும், உங்கள் டொக்டர்தான் சொல்ல வேண்டும்.

பலியேட்டிவ் கெயார் எண்டால் என்ன? சாகப்போறவைக்குக் குடுக்கிறதோ?

கடும் வருத்தம் உள்ள ஒருவருக்கு நோ (வலி), மூச்சுமுட்டு, சத்தி (வாந்தி), நித்திரையின்மை, பயம், மனக்கவலை எல்லாவற்றையும் குறைத்து, அவரை இயன்றவரை சுகமாக இருக்க வைக்கிற வைத்தியம் இது. தமிழில் நோய்த்தணிப்புப் பராமரிப்பு என்கிறோம். வருத்தக்காரரோடு வீட்டுக்காரரையும் சேர்த்தே கவனிப்பார்கள். சாவு நெருங்கியவருக்கும் இது உண்டு, கீமோ எடுத்துக்கொண்டே வேலைக்குப் போய் வருகிறவருக்கும் உண்டு.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 5 கோடியே 68 இலட்சம் பேருக்கு இந்தப் பராமரிப்பு தேவைப்படுகிறது. கிடைப்பதோ அவர்களில் 100 பேரில் 14 பேருக்குத்தான். இப்படி ஒன்று இருக்கிறது, கேட்டு வாங்கலாம் என்பதே பல வீடுகளுக்குத் தெரியாது. இந்தப் பக்கத்தை எழுதியதே அதற்காகத்தான்.

அப்ப ஹொஸ்பிஸ் எண்டுறது வேறயோ?

நோயை மாற்றும் வைத்தியம் நின்றபிறகு, கடைசி மாதங்களிலும் நாட்களிலும் கொடுக்கும் பராமரிப்பை ஹொஸ்பிஸ் என்கிறார்கள். மேலே சொன்ன பராமரிப்பின் கடைசிப் பகுதி என்று வைத்துக்கொள்ளலாம். 1967இல் லண்டனில் சிசிலி சோண்டர்ஸ் என்ற டொக்டர் செயின்ட் கிறிஸ்தோபர்ஸ் ஹொஸ்பிஸைத் தொடங்கினார். அவர் முதலில் தாதியாகவும் பிறகு சமூக சேவையாளராகவும் இருந்து, அதன்பின் டொக்டருக்குப் படித்தவர். இன்று உலகம் முழுக்க நடப்பதற்கு அதுதான் முன்மாதிரி. இலங்கையில் மகரகமையில் புற்றுநோய்ச் சங்கம் நடத்தும் சாந்த செவன இவ்வகை இல்லம்.

ஹொஸ்பிஸ் என்றால் கட்டடம் இருந்தே ஆக வேண்டும் என்றில்லை. வீட்டுக் கட்டிலிலேயே அதே பராமரிப்பைக் கொடுக்கலாம். 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய கேரள இயக்கம், ஊர்த் தொண்டர்களும் தாதியரும் வீடு வீடாகப் போவதை வைத்தே வளர்ந்தது. நம் ஊரிலும் பெரும்பாலும் வீடும் வார்டும் மாறி மாறித்தான் நடக்கிறது.

இது கான்சருக்கு மட்டுந்தானோ?

இல்லை. இதயம் பலவீனமானவர்கள், சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் வேண்டாம் என்றவர்கள், நாட்பட்ட நெஞ்சு வருத்தக்காரர், பாரிசவாதத்தில் படுத்தவர்கள், மறதி நோய் முற்றிய ஆச்சிமார் எல்லாருக்கும் பொருந்தும். பிறவி நோயுள்ள குழந்தைகளுக்கும் பொருந்தும். இலங்கையில் ஆண்களுக்கு வாய்ப்புற்றும் பெண்களுக்கு மார்புப் புற்றும் அதிகம் என்பதால் நாம் இதைப் புற்றுநோயோடு சேர்த்தே கேள்விப்படுகிறோம்.

எப்ப கேக்க வேணும்? இப்பவே கேட்டா டொக்டர் வேற மாதிரி நினைப்பாரோ?

நோ தொடங்கியதும் கேளுங்கள். நோ இல்லாவிட்டாலும், நோய் பரவிவிட்டது என்று தெரிந்த அன்றே கேட்கலாம். 2010இல் அமெரிக்காவில் நுரையீரல் புற்று பரவியவர்களிடம் ஒரு ஆய்வு செய்தார்கள். வழமையான வைத்தியத்தோடு ஆரம்பத்திலேயே இந்தப் பராமரிப்பையும் பெற்றவர்களின் மனச்சோர்வு குறைந்திருந்தது, நாட்களும் சுகமாகப் போயின. கடைசி நேரக் கடும் வைத்தியங்களை அவர்கள் குறைவாகவே எடுத்தார்கள். அப்படியிருந்தும் மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டரை மாதம் கூடுதலாக வாழ்ந்தார்கள்.

பிந்திக் கேட்பதுதான் நான் அதிகம் காணும் துயரம். “இன்னும் அந்தக் கட்டம் வரேல்ல” என்று சொல்லிச் சொல்லியே ஒரு மனிதரை மாதக்கணக்கில் நோவில் கிடக்க விடுகிறோம்.

யாழ்ப்பாணத்தில எங்க போறது? காசு எவ்வளவு முடியும்?

புற்றுநோய் என்றால் தெல்லிப்பளை ஆதார வைத்தியசாலையோடு இருக்கும் புற்றுநோய் வைத்தியசாலை. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை நடந்த ‘ட்ரெயில்’ நடைபயணத்தில் திரட்டிய காசில் எழுந்தது அது. அது வரமுன் நம் ஆட்கள் மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குத்தான் போனார்கள். பஸ்ஸில் ஒரு இரவுப் பயணம், கொழும்பில் தங்க இடம், தெரியாத மொழி. மற்ற வருத்தங்களுக்குப் பெரியாஸ்பத்திரியில் நீங்கள் வழமையாகக் காட்டும் கிளினிக்கிலேயே கேளுங்கள். “நோவுக்கும் பராமரிப்புக்கும் ஆரைப் பாக்க வேணும்?” என்று நேராகக் கேட்டால் போதும்.

அரச வைத்தியசாலையில் பார்ப்பதற்கும் அங்கே தரும் மருந்துக்கும் காசு இல்லை. செலவு வருவது வாகனத்துக்கும் பாம்பஸுக்கும் ஆஸ்பத்திரியில் முடிந்துபோன மருந்தை வெளியே வாங்குவதற்கும்தான். நெடுந்தீவிலிருந்து வருகிறவர்கள் குறிகட்டுவானுக்குப் படகேறி, பிறகு பஸ் பிடிக்க வேண்டும். படுக்கையில் இருப்பவரை அப்படி அலைக்கழிக்க வேண்டாம். கிளினிக் கொப்பியோடு வீட்டுக்காரர் மட்டும் வந்து மருந்து எடுக்கலாமா, உள்ளூர் ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் தருவார்களா என்று முதல் நாளே கேட்டு வையுங்கள். உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலும் விசாரியுங்கள். வீட்டுக்கு வந்து பார்க்கக்கூடிய தாதி உத்தியோகத்தர் இருக்கிறாரா என்பது அங்கே தெரியும்.

டொக்டர் ‘இனி ஒண்டும் செய்யேலாது, வீட்ட கொண்டு போங்கோ’ எண்டிட்டார். கைவிட்டிட்டினமோ?

அந்த வசனத்தை யாரும் சொல்லக்கூடாது என்பது என் கருத்து. நோயை மாற்ற மருந்து இல்லை என்பதுதான் அதன் பொருள். செய்ய வேண்டியவை அதற்குப் பிறகும் ஏராளம் இருக்கின்றன. எலும்புக்குப் பரவிய புற்றின் நோவை ஒரே ஒரு தடவை கதிர்ச் சிகிச்சை கொடுத்தே பலருக்குக் குறைக்கலாம். வயிற்றில் கட்டிய நீரை எடுக்கலாம். சத்தியை நிறுத்தலாம். நித்திரை கொள்ள வைக்கலாம்.

வார்டை விட்டு வெளிக்கிடமுன் சில விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள். நோய் விபரம் எழுதிய நோய் நிர்ணய அட்டை, நோவு மருந்து, நோ கூடினால் என்ன செய்வது என்ற விளக்கம், இரவில் யாரோடு கதைப்பது என்ற விபரம். இவை கையில் இல்லாமல் வாகனம் ஏற வேண்டாம்.

மோர்பின் எழுதியிருக்கினம். அடிமையாகிவிடுவாரோ? அது கடைசி மருந்துதானே?

எல்லா வீட்டிலும் வரும் கேள்வி இது. மோர்பின் கடும் நோவை அடக்கும் மருந்து. குளிசையை அலுமாரியில் ஒளித்துவைத்துவிட்டு பனடோல் மட்டும் கொடுத்த வீடுகளைக் கண்டிருக்கிறேன். கொடுத்தால் போய்விடுவாரோ என்ற பயம். உள்ளே அவர் தலையணையைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பார்.

கடும் நோவுக்கு டொக்டரின் மேற்பார்வையில் எடுப்பவர்கள் போதைக்கு அடிமையாவது அரிது. உடம்பு அந்த மருந்துக்குப் பழகும் என்பது உண்மை. அதனால்தான் திடீரென நிறுத்தக்கூடாது. கதிர்ச் சிகிச்சையில் நோ குறைந்துவிட்டால் டொக்டர் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிடுவார். அளவைக் கூட்ட வேண்டி வருவது பெரும்பாலும் நோய் வளர்வதால்தான். கடைசி மருந்தும் அல்ல அது. மோர்பின் எடுத்துக்கொண்டு மாதக்கணக்கில், சிலர் அதைவிடக் கூடக் காலம் நடமாடித் திரிகிறார்கள். சரியான அளவில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் அது உயிரை எடுக்காது. உலக சுகாதார நிறுவனம் 1986இல் வெளியிட்ட புற்றுநோய் வலி வழிகாட்டியிலேயே வாயால் எடுக்கும் மோர்பினுக்கு முக்கிய இடம் கொடுத்திருந்தது.

நோ வரேக்க மட்டும் குடுத்தாப் போதாதோ? ஏன் சும்மா இருக்கேக்கயும் குடுக்கிறது?

சும்மா இருப்பதே முன்பு கொடுத்த குளிசையால்தான். சாதாரண மோர்பின் ஏறத்தாழ நான்கு மணி நேரம் வேலை செய்யும். நோ திரும்ப வந்தபிறகு கொடுத்தால் அது அடங்கக் கூடுதல் மருந்து வேண்டும், அந்த நேரம் முழுக்க அவர் அவதிப்பட வேண்டும். ஆகவே மணிக்கூட்டைப் பார்த்துக் கொடுங்கள். இடையில் நோ குத்தினால் கொடுப்பதற்கென்று மேலதிகமாக ஒரு குளிசை எழுதித் தருவார்கள். எத்தனை மணிக்கு, எத்தனை தடவை அதைக் கொடுத்தீர்கள் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். அந்தக் கொப்பியைப் பார்த்துத்தான் டொக்டர் அளவை மாற்றுவார். மெதுவாகக் கரையும் வகைக் குளிசை என்றால் இடிக்கவோ உடைக்கவோ கூடாது.

மோர்பின் தொடங்கினதிலிருந்து நித்திரையாவே கிடக்கிறா. நாலு நாளா வயித்தால போகேல்ல.

நித்திரைத் தூக்கமும் வயிற்றுப் பிரட்டும் முதல் சில நாட்களுக்கு இருக்கும், பிறகு தெளியும். பல நாள் நோவோடு கண் மூடாதவர் நோ அடங்கியதும் ஆழ்ந்து தூங்குவதும் உண்டு. எழுப்பினால் கண் திறந்து கதைக்கிறாரா என்று பாருங்கள். எழுப்பவே முடியவில்லை, மூச்சு மிக மெதுவாகிறது, கை கால் வெட்டி வெட்டி இழுக்கிறது என்றால் உடனே ஆஸ்பத்திரிக்குச் சொல்ல வேண்டும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மோர்பின் உடம்பில் தேங்கும், அவர்களுக்கு அளவும் நேரமும் வேறு.

மலச்சிக்கல் தானாகத் தெளியாது. மோர்பின் எடுக்கும்வரை கூடவே இருக்கும். முதல் நாளிலிருந்தே மலமிளக்கி மருந்தும் சேர்த்து எடுக்க வேண்டும். எழுதித் தரவில்லை என்றால் கேளுங்கள். நாலு நாள் என்றால் இன்றே கேளுங்கள்.

மூச்சு முட்டுது எண்டுறார். வீட்டுக்கு ஒக்சிசன் எடுக்கோணுமோ?

இரத்தத்தில் ஒக்சிசன் குறைந்திருந்தால் உதவும். குறையாமல் இருக்கும்போதும் மூச்சுமுட்டு வரும், அதற்குச் சிலிண்டரால் பெரிய பயன் இல்லை. விரல் நுனியில் மாட்டிப் பார்க்கும் சின்னக் கருவியால் டொக்டர் அதைச் சொல்லுவார். முதலில் அவரைச் சாய்ந்து இருக்க வையுங்கள். மேசை விசிறியை மூக்கும் கன்னமும் படுகிற மாதிரித் திருப்புங்கள். கரண்ட் இல்லையென்றால் பனையோலை விசிறி. முகத்தில் படும் குளிர்காற்று மூச்சுமுட்டும் உணர்வைக் குறைக்கிறது என்பது ஆய்வுகளில் கண்டது. ஆட்கள் சுற்றி நின்று பதறினால் அவருக்கு இன்னும் முட்டும்.

நோவுக்குச் சொன்ன அதே மோர்பின், சிறிய அளவில், மூச்சுமுட்டுக்கும் கொடுக்கப்படுகிறது. அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

அம்மாவுக்கு என்ன வருத்தமெண்டு சொல்லேல்ல. சொல்லத்தான் வேணுமோ?

“அம்மாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ, தாங்கமாட்டா” என்று படலையிலேயே என்னை மறித்துச் சொல்லுவார்கள். உள்ளே போனால் அம்மா என் கையைப் பிடித்து, “பிள்ளையளுக்குச் சொல்லாதை மோனை, எனக்குத் தெரியும்” என்பார். ஒரே வீட்டில் இருவரும் ஒருவருக்கொருவர் ஒளித்துக்கொண்டு, இரண்டு பக்கமும் தனியாக அழுகிறார்கள். வார்டின் பெயர்ப்பலகையில் எழுதியிருக்கிறது, பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் சொல்லியிருப்பார், தன் உடம்பு இளைப்பது தனக்கே தெரியும். தெரியாது என்று நினைப்பது நாம் மட்டும்தான்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் போட்டு உடைக்கச் சொல்லவில்லை. “டொக்டர் என்ன சொன்னவர் எண்டு நினைக்கிறியள் அம்மா?” என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அவர் எவ்வளவு தூரம் போக விரும்புகிறாரோ அவ்வளவு தூரம் போங்கள். “எனக்கு ஒண்டும் சொல்ல வேண்டாம், தம்பியோட கதையுங்கோ” என்றால் அதுவும் அவருடைய உரிமை. ஆனால் நேராகக் கேட்டால் பொய் சொல்லாதீர்கள். ஒரு பொய் பிடிபட்டால், பிறகு “நோவுக்குத்தான் இந்தக் குளிசை” என்று நீங்கள் சொல்லும் உண்மையையும் நம்பமாட்டார்.

அவருக்கும் முடிக்க வேண்டிய காரியங்கள் இருக்கும். காணி உறுதி யார் பேரில், வங்கிப் புத்தகம் எங்கே, கதை இல்லாமல் இருக்கும் தங்கச்சியை ஒருக்கால் கூப்பிட வேண்டும். தெரிந்தால்தானே செய்வார்?

வீட்டில சின்னப் பிள்ளையள் இருக்குதுகள். என்ன சொல்லுறது?

பொய் சொல்லாமல் சின்னச் சொல்லில் சொல்லுங்கள். “அம்மம்மாவுக்குக் கடும் வருத்தம், மருந்தால மாறாது. நோகாமல் இருக்கத்தான் மருந்து குடுக்கிறம்.” அம்மம்மாவோடு சண்டை பிடித்ததால்தான் வருத்தம் வந்தது என்று பிள்ளை தன்னையே நோகும். அப்படி இல்லை என்று சொல்லுங்கள். தொட்டால் தொற்றாது என்பதையும் சொல்லுங்கள். தண்ணீர் எடுத்துக் கொடுப்பது மாதிரி ஒரு சின்ன வேலை கொடுத்தால் பயம் குறையும்.

சாப்பிடுறாரே இல்லை. பசியில செத்துப்போவார். சேலைன் ஏத்தலாமோ? மூக்கால ரியூப் போடலாமோ?

நம் ஊரில் அன்பைச் சாப்பாட்டில்தான் காட்டுவோம். ஒரு பிடி சோறு இறங்கவில்லை என்றால் தாய்க்கு நெஞ்சு பதறும், அது எனக்குத் தெரியும். ஆனால் நோய் முற்றிய உடம்பு சாப்பாட்டை ஏற்பதில்லை. சாப்பிடாததால் அவர் சாவதில்லை. நோய் முற்றியதால்தான் சாப்பிடவில்லை. கட்டாயப்படுத்தி ஊட்டினால் புரையேறி நெஞ்சுக்குள் போகும், அதனால் காய்ச்சல் வரும். கேட்டதை, கேட்ட நேரம், கரண்டி நுனியளவு. கஞ்சியோ இளநீரோ ஐஸ்கிறீமோ, எதுவானாலும் சரி. தலையை உயர்த்தி, நன்றாக முழித்திருக்கும்போது மட்டும் கொடுங்கள்.

ரியூப் விஷயத்தில் எல்லாருக்கும் ஒரே பதில் இல்லை. வாயிலோ தொண்டையிலோ கட்டி, பசிக்கிறது, விழுங்க முடியவில்லை என்றால் ரியூப் உண்மையில் உதவும். கடைசி நாட்களில் அது தொந்தரவுதான். சேலைனும் அப்படியே. வயிற்றோட்டத்தால் காய்ந்து போனவருக்கு நல்லது. கடைசி நாட்களில் ஏற்றினால் காலும் கையும் வீங்கும், நெஞ்சில் சளி கூடும், மூச்சு கரகரக்கும்.

அந்த நேரத்தில் அவருக்குப் பெரிய அவதி வாய் காய்வது. சுத்தமான துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, இரண்டு மணிக்கு ஒருமுறை நாக்கையும் கன்னத்தின் உட்பக்கத்தையும் துடையுங்கள். உதட்டில் வாசலின் பூசுங்கள். கையால் ஏதாவது செய்யாவிட்டால் மனம் ஆறாது என்கிற மகளுக்கு நான் கொடுக்கும் வேலை இதுதான்.

படுக்கைப் புண் வந்திட்டுது. கட்டி வெடிச்ச இடம் மணக்குது, ஆக்கள் கிட்ட வரப் பயப்பிடினம்.

படுக்கைப் புண் வருவது எலும்பு முட்டும் இடங்களில். குதிக்கால், முதுகெலும்பு முடியும் இடம், இடுப்பின் இரு பக்கம், தோள். இரண்டு மணிக்கு ஒருமுறை பக்கம் மாற்றுங்கள். கெண்டைக்காலின் கீழே தலையணை வைத்தால் குதிக்கால் மெத்தையில் முட்டாமல் நிற்கும். மேலே நகர்த்தும்போது இழுக்காமல், கீழே விரித்த துணியோடு இரண்டு பேர் தூக்க வேண்டும். சிவந்த இடத்தைத் தேய்க்கக்கூடாது. நனைந்த பாம்பஸை விடக்கூடாது. விரிப்பில் ஒரு சுருக்கம்கூட இருக்கக்கூடாது.

வெடித்த புண்ணின் மணத்துக்கு மருந்து இருக்கிறது. மெட்ரோனிடசோல் குளிசையைத் தூளாக்கிப் புண்ணில் போடச் சொல்லுவார்கள். உங்கள் டொக்டரிடம் கேட்டுச் செய்யுங்கள். பழைய கட்டுத்துணி ஒட்டியிருந்தால் கொதித்தாறிய உப்புத் தண்ணீரால் ஊறவிட்டு மெதுவாக எடுங்கள், பிய்த்தால் இரத்தம் வரும். பகலிலும் நுளம்பு வலையைக் கட்டுங்கள், இலையான் இருந்தால் புழு வைக்கும். புழு வைத்துவிட்டால் வெட்கப்பட்டு ஒளிக்காமல் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள், நாங்கள் காணாததல்ல. இரத்தம் கசியும் புண் என்றால் கடும் நிறத் துவாய் ஒன்றைக் கட்டிலருகில் வையுங்கள். வெள்ளைத் துணியில் இரத்தத்தைக் கண்டால் எல்லாரும் பயந்துவிடுவார்கள்.

சித்த மருந்தும் பாக்கலாமோ? ஒராள் மாத்தித் தாறன் எண்டுறார்.

கைதடியில் சித்த போதனா வைத்தியசாலை இருக்கிறது, படித்த வைத்தியர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போகலாம். என்ன எடுக்கிறீர்கள் என்பதை இரண்டு பக்க டொக்டர்மாருக்கும் மறைக்காமல் சொல்ல வேண்டும், ஈரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும் மருந்துகள் உண்டு. மோர்பினை நிறுத்திவிட்டு வாருங்கள் என்று யாராவது சொன்னால் போகாதீர்கள். பரவிய புற்றை மாற்றித் தருகிறேன் என்று பணம் கேட்பவருக்காகக் காணியை ஈடு வைக்காதீர்கள்.

நேர்த்தி, விபூதி, செபம் எல்லாம் தாராளமாகச் செய்யுங்கள். மனம் ஆறும்.

எப்ப உடன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகோணும்?

முதுகு நோவோடு காலில் திடீரென்று பலம் குறைகிறது, மரக்கிறது, சலம் (சிறுநீர்) போகவில்லை என்றால் அன்றே. கட்டி முண்ணாணை (முதுகுத் தண்டு நரம்பை) நெரிக்கலாம், பிந்தினால் கால் திரும்ப வராது. கீமோ எடுத்தவருக்குக் காய்ச்சல் என்றால் உடனே. அடங்காத இரத்தப் போக்கு, வலிப்பு, குளிசைக்கு அடங்காத நோ, திடீர் மனக் குழப்பம் என்றாலும் கொண்டு போங்கள். இவற்றில் சிலவற்றைச் சுகப்படுத்தலாம். 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும்.

அண்ணா கனடாவில இருந்து ஐசியூவில போடச் சொல்லுறார். நாங்கள் என்ன செய்யிறது?

தூரத்தில் இருப்பவருக்குக் கையாலாகாத வேதனை. அது கட்டளையாக வரும். அவரோடு வாதாடாமல், டொக்டரோடு வீடியோவில் ஒருமுறை கதைக்க ஒழுங்கு செய்யுங்கள். அப்பா எப்படி இருக்கிறார் என்பதைக் கண்ணால் காணட்டும்.

ஐசியூ, திரும்பி வரக்கூடிய நோய்க்கானது. நிமோனியா வந்த ஒருவரைச் சில நாள் இயந்திரத்தில் வைத்தெடுத்தால் பிழைப்பார். உடம்பு முழுக்கப் பரவிய புற்றில் இதயம் நின்றபிறகு நெஞ்சை அமத்தினால் விலா எலும்பு முறியும், ஆள் திரும்புவது மிக அரிது. தொண்டையில் குழாய் இருந்தால் பேசவும் முடியாது. இதையெல்லாம் அப்பாவுக்கு நினைவு இருக்கும்போதே அவரிடம் கேட்டு, அவர் சொன்னதை டொக்டரிடம் சொல்லிக் கிளினிக் கொப்பியில் எழுதுவியுங்கள். முன்பு அம்மாவைப் பற்றிய கேள்வியில் சொன்ன அதே காரணம்தான். தெரிந்தவர்தான் முடிவு சொல்ல முடியும்.

அண்ணாவை எப்ப வரச் சொல்லுறது? ரிக்கற் போடோணும்.

இன்ன நாள்தான் முடிவு என்று யாராலும் அறுதியாகச் சொல்ல முடியாது. நாங்கள் பார்க்கும் முறை ஒன்று உண்டு. மாதத்துக்கு மாதம் இறக்கம் தெரிந்தால் மாதங்கள் இருக்கலாம். கிழமைக்குக் கிழமை தெரிந்தால் கிழமைகள். நாளுக்கு நாள் என்றால் நாட்கள்தான். கிழமைக்குக் கிழமை என்று கண்டாலே வரச் சொல்லுங்கள். கதைக்கக்கூடிய நேரத்தில் வருவது செத்தவீட்டுக்கு வருவதைவிடப் பெரிது.

மோர்பினும் குடுத்து, சேலைனும் ஏத்தாமல் விட்டால் அது கருணைக்கொலை மாதிரித்தானே?

இல்லை. கருணைக்கொலை என்பது உயிரை முடிக்கவென்றே மருந்து கொடுப்பது, இலங்கைச் சட்டத்தில் அதற்கு இடமில்லை. இங்கே சாவை விரைவாக்குவதும் இல்லை, இழுத்தடிப்பதும் இல்லை. சேலைனை ஏன் விடுகிறோம், மோர்பினை ஏன் கொடுக்கிறோம் என்பது மேலே இருக்கிறது.

வீட்டில வைச்சுப் பாக்கப் பயமாக் கிடக்கு. கடைசியில எப்பிடி இருக்கும்?

பெரும்பாலும் அமைதியாகவே இருக்கும். நித்திரை கூடும், தண்ணீரும் இறங்காது. கை கால் குளிரும், முழங்காலிலும் பாதத்திலும் நீலமும் சிவப்புமாகப் படரும். மூச்சு விரைவாக எடுத்து, பிறகு சிறிது நேரம் நின்று, திரும்பவும் எடுக்கும். தொண்டையில் கரகரவென்று சத்தம் வரும். விழுங்க முடியாத எச்சில் அது. கேட்கிற நமக்குத்தான் கொடுமை, அவர் பெரும்பாலும் அதை உணர்வதில்லை. பக்கவாட்டாகச் சரித்துப் படுக்க வையுங்கள். அதைக் குறைக்க ஊசியும் உண்டு.

குளிசை விழுங்க முடியாது போனால் நோவு மருந்தை விட்டுவிட வேண்டாம். தோலுக்குக் கீழே ஊசியாகக் கொடுக்கலாம். அதை முன்கூட்டியே கிளினிக்கில் கேட்டு வையுங்கள். பால் பருக்குகிறவர்கள் ஊற்றாமல், பஞ்சில் தொட்டு உதட்டை நனையுங்கள். நினைவில்லாதவருக்கும் காது கேட்கக்கூடும் என்று வைத்தே நடந்துகொள்ளுங்கள். பதிகம் பாடலாம், பாதரை அழைத்து நோயிற்பூசுதல் செய்யலாம், அல்லது பக்கத்தில் இருந்து சும்மா கதைக்கலாம். காணிப் பிரச்சினையை அந்த அறையில் கதைக்காதீர்கள்.

வீட்டில செத்தால் போஸ்ட்மோட்டம் எண்டு கொண்டு போடுவினமோ?

இந்தப் பயத்தாலேயே கடைசி மணித்தியாலத்தில் அம்புலன்ஸில் ஏற்றுகிறார்கள். நோய் தெரிந்து, மருந்து எடுத்துவந்த ஒருவர் அந்த நோயாலேயே வீட்டில் இறந்தால் அது இயற்கை மரணம். கிராம அலுவலருக்கு (நம் வயதானவர்களுக்கு இன்றும் அவர் விதானையார்) அறிவித்து, அவருடைய அறிக்கையோடு பிறப்பு இறப்புப் பதிவாளரிடம் பதியலாம். நோய் நிர்ணய அட்டையையும் கிளினிக் கொப்பியையும் ஒரே பையில் வையுங்கள். விழுந்து அடிபட்டது, மருந்து மாறிக் குடித்தது, சந்தேகம் என்று ஏதாவது இருந்தால்தான் திடீர் மரண விசாரணை அதிகாரி வருவார்.

பாக்கிற எனக்கே ஏலாமல் கிடக்கு. சில நேரம் ‘கெதியாய் முடிஞ்சால் நல்லம்’ எண்டு நினைக்கிறன். நான் பாவியோ?

இல்லை. இரவு பகலாகப் பார்ப்பவர்களில் பலருக்கு இந்த நினைவு வரும். சொல்ல வெட்கப்படுவதால் ஒவ்வொருவரும் தாம் மட்டும்தான் என்று நினைக்கிறார்கள். நீங்கள் நித்திரை கொள்ளாவிட்டால் அவரை யார் பார்ப்பது? கிழமையில் இரண்டு இரவாவது இன்னொருவர் படுக்க வேண்டும். “ஏதும் உதவி வேணுமோ” என்று கேட்டு வருகிறவர்களிடம் பணிஸும் பழமும் வாங்காமல், “நாளைக்குப் பின்னேரம் ரெண்டு மணித்தியாலம் வந்து இருங்கோ” என்று சொல்லுங்கள்.

அவர் போனபிறகும் கிளினிக்கில் வந்து கதைக்கலாம். மாதங்கள் கடந்தும் நித்திரை இல்லை, சாப்பாடு இல்லை, வாழவே விருப்பமில்லை என்றால் மனநல டொக்டரிடம் காட்ட வேண்டும்.

மிஞ்சின மோர்பினை என்ன செய்யிறது? பக்கத்து வீட்டு ஐயாவுக்கும் கால் நோ, குடுக்கலாமோ?

கொடுக்கவே கூடாது. ஒருவருக்கு அளவான மருந்து இன்னொருவரின் மூச்சை நிறுத்தும். சட்டத்தால் கட்டுப்படுத்தப்பட்ட மருந்தும்கூட. எண்ணி, உறையில் போட்டு, எடுத்த ஆஸ்பத்திரி மருந்தகத்திலேயே திருப்பிக் கொடுங்கள். அதுவரை பிள்ளைகள் கை எட்டாமல் பூட்டி வையுங்கள். காற்று மெத்தை, சக்கர நாற்காலி, கொமட் கதிரை போன்றவற்றைக் கழுவி வெயிலில் காயவைத்துவிட்டு கிளினிக் மிஸ்ஸியிடம் (தாதியிடம்) சொல்லுங்கள். எந்த வீட்டில் அவற்றுக்குக் காத்திருக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.